உப்புப் போட்ட ஐஸ்

என் தங்கச்சிக்கு இருபத்தைந்து வயதுக்குள் தலை முழுக்க நரைத்தது. முப்பதில் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்தது. குரல் மெலிந்து கீச்சென்று வந்தது. குதிக்காலில் ஒரு புண் வந்தது. அது ஆறவேயில்லை.

நான் அவளுக்கு மூத்தவன். மன்னார் பஸ்ஸில் ஒரு மனுசி என்னைப் பார்த்து, "அம்மாவை யன்னல் பக்கம் இருத்துங்கோ தம்பி" என்றாள். எனக்கு முகம் கறுத்துவிட்டது. தங்கச்சி விடவில்லை.

"அவன் இருத்தமாட்டான். பெத்த தாயை மதிக்காதவன்."

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் எங்கள் ஊரான பேசாலை வரைக்கும் வந்தாள்.

எங்கள் குடும்பத்தில் வெளியில் பெண் எடுப்பதில்லை. அப்பாவும் அம்மாவும் மச்சான், மச்சாள். தங்கச்சியைக் கட்டியவரும் மாமியின் மகன்தான். இரத்த உறவு என்பதால் மாதா கோயிலில் அனுமதி கேட்டுத்தான் கட்டவேண்டும். பங்குச் சுவாமி புறுபுறுத்துவிட்டுத் தருவார். அவளின் ஒரே மகளுக்கும் என் மகனுக்கும் சின்னதிலேயே பேசி வைத்திருந்தோம்.

கண் ஒப்பரேசன் முடிந்து பார்வை வந்ததும் அவள் மகளைக் கூப்பிட்டு முன்னால் இருத்தி, பேன் பார்க்கிறேன் என்று தலையை விரித்தாள். பிறகு தினமும் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்குப் பேன் இல்லை. என்ன தேடுகிறாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக்கும் தெரியும். அது குனிந்தபடி இருக்கும்.

கலியாணத்தை நிறுத்தி வைத்தது தங்கச்சிதான். "இவளுக்கும் என்னை மாதிரி வந்தா உன்ர பெடியன் கிழவியோட திரிய வேணும். தெரியட்டும் அண்ணை. பிறகு பாப்பம்" என்றாள்.

கண் டொக்டர்தான் கொழும்புக்குச் சொல்லியிருக்கவேண்டும். சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம் அது. ஆய்வுகூடத்தில் இருந்து ஒரு பெண் டொக்டர் வான் பிடித்துக்கொண்டு வந்தார். கூட இரண்டு பேர். நல்ல மனுசி. கதிரையைத் தள்ளி வைத்துவிட்டுப் பாயில் இருந்தார். உடம்பில் உள்ள சின்னச் சின்ன உயிர்க்கலங்கள் தேய்ந்தபடியே இருக்கும், அதைத் திருத்துகிற ஒன்று எல்லாருக்குள்ளும் இருக்கிறது, இவவுக்கு அது பிறக்கும்போதே பழுது, அதனால்தான் வயது ஓடுகிறது என்றார். எங்கே பழுது, எப்படிப் பழுது என்று கண்டுபிடிக்கத் தோலில் ஒரு சின்னத் துண்டு வேண்டும். அதை உயிரோடு போத்தலில் வளர்க்கவேண்டும்.

தங்கச்சி ஒன்றுதான் கேட்டாள். மகளுக்கும் வருமா.

உங்களில் பழுதைக் கண்டுபிடித்தால் அது மகளின் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லலாம் என்றார் டொக்டர். தானே வந்து சொல்வதாகவும் சொன்னார்.

நான் வேண்டாம் என்றேன். இவளுக்கு முள்ளுக் குத்தினாலே ஆறாது. குதிக்காலைக் காட்டினேன். டொக்டரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் போல. அவசரம் இல்லை, வேண்டாமென்றால் விடுவோம் என்றார். தங்கச்சி சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"வெட்டுங்கோ."

துவரம்பருப்பு அளவு துண்டு. இளஞ்சிவப்புத் தண்ணீர் உள்ள சின்னப் போத்தலில் போட்டார்கள். மகளிடம் இரத்தம் எடுத்தார்கள். கொண்டுபோகிற குளிர்ப் பெட்டியைத் திறந்தால், கொண்டுவந்த ஐஸ் உருகித் தண்ணீர். சோதனைச் சாவடியில் வானை வெயிலில் மறித்து வைத்திருந்தார்களாம்.

மச்சான், அதாவது தங்கச்சியின் புருசன், கடற்கரையில் மீன் வாடிக் கொட்டிலில் ஐஸ் அடிக்கிறவர். கொழும்புக்குப் போகிற மீனை அவர்தான் பெட்டியில் அடுக்குவார். அவர் அடுக்கின மீன் பழுது என்று ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை. டொக்டரின் ஆள் பெட்டியை அவரிடம் கொடுத்து, குளிர் போகாமல் ஐஸ் நிரப்பித் தாங்கோ என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மச்சான் பெட்டியைக் கழுவினார். ஐஸைத் தூளாக்கினார். ஒரு படை ஐஸ், ஒரு பிடி கல்லுப்பு, பிறகு ஐஸ், பிறகு உப்பு. உப்புப் போட்டால் ஐஸுக்கு இன்னும் குளிர் பிடிக்கும். எல்லா மீனுக்கும் போடமாட்டார். நல்ல மீனுக்கு மட்டும், தூரம் போகிறதென்றால் போடுவார். போத்தலை நடுவில் வைத்து மூடினார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வான் போனது.

டொக்டர் திரும்ப வந்தபோது பதிலோடுதான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். தங்கச்சி சீலை மாற்றிக்கொண்டு வந்து இருந்தாள். துண்டு உறைந்து போயிற்று, கலம் ஒன்றும் தப்பவில்லை என்றார் டொக்டர். குளிர் வேண்டும், ஆனால் உறையக் கூடாது. பெட்டியில் உப்பு இருந்ததாம்.

"நான்தான் போட்டனான்" என்றார் மச்சான். "நல்ல மீனுக்குப் போடுறது."

பிழை எங்களில்தான், சொல்லித் தந்திருக்கவேண்டும் என்றார் டொக்டர். மச்சான் அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. தங்கச்சிக்கு முதல் வெட்டின கை இன்னும் ஆறவில்லை. துணி சுற்றியிருந்தது. தங்கச்சி மற்றக் கையை நீட்டினாள். மச்சானைப் பார்த்து, "இந்த முறை உப்புக் குறைச்சுப் போடுங்கோ. கறி கரிச்சுப்போச்சு" என்றாள்.

அவர் எழும்பி வெளியில் போனார். இந்த முறை ஐஸை டொக்டரே அடுக்கினார்.

அதன்பிறகு அவள் இரண்டு கையிலும் துணியோடு இருந்தாள். காலையும் மாலையும் மகள் மருந்து கட்டினாள். கட்டி முடிய அவள் மகளின் தலையைப் பார்ப்பாள். கறுப்பாகத்தான் இருந்தது. தங்கச்சிக்கும் அந்த வயதில் கறுப்பாகத்தான் இருந்தது. வாடைக்காற்றுக் காலத்துக்குள் சண்டை திரும்பத் தொடங்கியது. பாதை பூட்டினார்கள். வீதியில் எந்த வான் இரைந்தாலும் தங்கச்சி எட்டிப் பார்த்தாள். புண்ணில் விசம் ஏறி, காய்ச்சல் வந்து செத்தாள். சவப்பெட்டியில் பார்த்த வெளியூர்க்காரர் ஒருவர், ஆச்சிக்கு நல்ல வயதுதானே, குறை சொல்ல ஏலாது என்றார். நான் ஓம் என்றேன்.

என் மகன் கொஞ்சக் காலம் பொறுத்திருந்தான். பிறகு வெள்ளாங்குளத்தில் ஒரு பிள்ளையைக் கட்டினான். அவனைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தங்கச்சியின் மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, வெளியில் இருந்து இரண்டு இடம் வந்தது. தாயைப் பற்றி விசாரித்துவிட்டு நின்றுவிட்டது. அவள் அடம்பனில் ஒரு தையல் கடையில் வேலைக்குப் போனாள்.

சண்டை முடிந்து கன காலத்துக்குப் பிறகு டொக்டர் வந்தார். தங்கச்சி செத்தது அவருக்குத் தெரியும். வெறுங்கையோடு வரக் கூடாதென்று பிஸ்கட் கொண்டு வந்தார். மச்சான், மருமகள், நான் மூன்று பேரும் இருந்தோம்.

இரண்டாவது துண்டு வளர்ந்ததாம். மற்ற ஆட்களின் தோல் போத்தலில் பல முறை பெருகும், இவவின் தோல் கொஞ்சம் பெருகிவிட்டுக் கெதியாக நின்றுவிட்டது என்றார். போத்தலுக்குள்ளும் அதற்கு வயது போய்விட்டதாம். அந்த நோயைப் பற்றிப் பல விசயம் அதில் இருந்து தெரிந்ததாம். மகளின் இரத்தத்தைப் பார்க்க முன்னம் வேலை நின்றுவிட்டது. அதற்குக் காசு தந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

பிறகு மருமகளின் தலையைப் பார்த்தார். அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. ஒரு நரை இல்லை.

"உங்களுக்கு இனி வராது எண்டுதான் நினைக்கிறன்" என்றார்.

"தெரியும்" என்றாள் மருமகள். "கண்ணாடி இருக்கு."

பிறகு அவளே கேட்டாள். அம்மாவின்ர துண்டில் மிச்சம் இருக்கோ. டொக்டர் ஓம் என்றார். கலங்களை உறையவைத்து வைத்திருக்கிறார்களாம்.

"தாங்கோவன். குழியில வைக்க."

அது ஆய்வுகூடத்தின் பொருள், தனக்கு அதிகாரம் இல்லை என்றார் டொக்டர்.

"உறைஞ்சா செத்திடும் எண்டீங்கள்" என்றார் மச்சான்.

"அதுக்கு ஒரு மருந்து கலந்து, மெல்ல மெல்ல உறைய வைக்கிறது ஐயா. அப்ப சாகாது."

"எவ்வளவு காலத்துக்கு?"

"எவ்வளவு காலமும் இருக்கும்."

மச்சான் தலையை ஆட்டினார். பிஸ்கட் பெட்டியை எடுத்து டொக்டரின் பையில் திரும்ப வைத்தார். வாடியில் லொறி வந்து நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு லொறி வரவில்லை.