பொற்கொடி பேக்கரிக்கு வந்த இருநூற்றுப் பன்னிரண்டு யானைகள்

லோகப்பிரியா என்ன வேலை பார்க்கிறாள் என்பது சொந்தபந்தத்தில் ஒருத்தருக்கும் விளங்கியதில்லை. கோயம்புத்தூரில், காட்டு விலங்குகளுக்காக நடக்கும் ஒரு சின்ன அறக்கட்டளையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யானை எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று மேப் போடுகிறாள். மேப் என்றதும் நம் சனங்களுக்கு வீட்டு சைட்டுதான் ஞாபகம் வரும். கல்யாணப் பந்தியில் இலை விழுவதற்குள், "அம்மணி, அந்தப் பக்கம் சென்ட்டு என்ன வெலைங்க?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தண்ணிக்குப் போர் போட எந்த இடம் தோது என்று சாட்டிலைட்டில் பார்த்துச் சொல்லச் சொன்னவர்களும் உண்டு.

இவர்களில் பெரிய தொல்லை தாய்மாமன் கதிரேசன். மதுக்கரைக்கு அப்பால் மலையடிவாரத்தில் ரெண்டு ஏக்கர் விலைக்கு வந்தது. யானை வருமா, வராதா என்று தினம் மூன்று போன். தை மாதம் ஒருநாள் பொறுக்க முடியாமல் மேப்பைத் திறந்து பார்த்தாள். அந்தப் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை.

"யானை ஒன்னும் வர்றதில்லீங் மாமா, தாராளமா வாங்குங்க" என்று சொல்லிவிட்டாள். மாமாவும் வாங்கினார்.

அந்தப் புள்ளிகளை வைப்பவர் அந்த மலையடிவார ஊர்க்காரர் அங்கப்பன். தினமும் காட்டோரம் நடந்து, யானை லத்தியோ கால்தடமோ கண்டால் போனில் பட்டனை அழுத்துவது அவர் வேலை. அழுத்திய இடத்தில் லோகப்பிரியாவின் மேப்பில் ஒரு சிவப்புப் புள்ளி விழும்.

ஆவணியில் அந்த வட்டாரத்துக்கு ஒரே ஒரு எச்சரிக்கை விளக்கு வந்தது. யானை நெருங்கினால் மின்னி, சைரன் ஊதும். அதை எங்கே நடுவது என்று லோகப்பிரியாதான் சொல்ல வேண்டும். தப்பான இடத்தில் நட்டால், யானை பாட்டுக்கு வேறு வழியில் வந்து யாரையாவது மிதித்துவிடும். அந்தப் பயத்தில் இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கப்பன் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கூட்டம். வனத்துறை ரேஞ்சர் அம்மாவும் வந்திருந்தார். திரையில் மேப் விரிந்தது. எல்லாப் புள்ளியும் ஒரே இடத்தில் குவிந்து, அம்மன் நெற்றிக் குங்குமம் போல ஒரே ஒரு பொட்டு.

"எட்டு மாசத்துல இந்த ஒரே எடத்துக்கு இருநூத்திப் பன்னண்டு தடவை யானை வந்திருக்குதுங்க" என்றாள் பெருமையாக. "ஏதோ தகரக் கொட்டகை மாதிரி தெரியுது."

பின்வரிசையிலிருந்து பொற்கொடி எழுந்தாள். "ஏனுங் அம்மணி, அது என்ற பேக்கரிங்க!"

"எத்தன மணிக்குங்க வருது?" என்று ஒரு குரல்.

லோகப்பிரியா அப்பாவியாகப் பட்டியலைப் பார்த்தாள். "காலைல பதினோரு மணி, சாயந்தரம் நாலு மணிங்க."

"அப்ப டீக்குத்தானுங்க வருது!"

கூரை அதிர்ந்தது. ரேஞ்சர் அம்மா ஃபைலால் வாயை மூடிக்கொண்டார். அங்கப்பனுக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது.

"இதுல என்ன சிரிப்பு? காட்டுக்குள்ள டவர் ஒரு கோடுகூட வராதுங்க. அதனால லத்தி ஒன்னுக்கு ஒரு கல்லுன்னு பாக்கெட்டுல போட்டுக்குவேன். பேக்கரிக்கு வந்தாத்தான் டவர் எடுக்கும். டீயச் சொல்லிப்போட்டு, கல்லுக்கு ஒருக்கா அழுத்துவனுங்க. ஒன்னுகூட உட்டதில்லீங்க!"

டவர் இல்லாவிட்டாலும், பார்த்த இடத்திலேயே அழுத்தினால் போன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பயிற்சி கொடுத்த அன்று லோகப்பிரியா அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்லியிருந்தாள்.

"அங்கப்பண்ணா, ஒவ்வொன்னும் எங்க பாத்தீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க!" என்று அவர் திரைக்கு வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. ஆளாளுக்கு விரல் வைத்துச் சண்டை போட்டார்கள். பொற்கொடி இரண்டு தட்டுத் தேங்காய் பன் கொண்டுவந்து வைத்தாள். பேக்கரியில் இருந்த யானைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி அவரவர் இடத்துக்குப் போயின. நாலு மணிக்கெல்லாம் கோடு தெளிவாகிவிட்டது. மலையிலிருந்து இறங்கி, ஓடைப் பள்ளத்தோரமாகவே வந்து, புதுசாகக் கட்டிய ஒரு காம்பவுண்டுச் சுவரில் முட்டி, அதைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தது.

"இது யார் தோட்டமுங்க?"

"யாரோ கோயமுத்தூர்க்காரருங்க" என்றார் அங்கப்பன். "அவிக மருமவ சாட்டிலைட்டுல பாத்து, யானையே வராதுன்னு சொல்லிச்சாமா. அந்தப் புள்ளையப் பாத்தா நாலு கேள்வி கேக்கோணும்."

லோகப்பிரியா வாயில் இருந்த பன்னை அவசரமாக விழுங்கினாள். விளக்கை அந்தத் தோட்டத்து கேட்டுக்கு நேராக நடச் சொல்லிவிட்டு, வெளியே வந்து போன் போட்டாள்.

"மாமா, உங்க கேட்டு முன்னால ஒரு லைட்டு போடறமுங்க. யானைக்கு."

"யானைக்கா? அதெல்லாம் டீக்கடைக்குத்தான் போகுதுன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சே கண்ணு?"

"ஆமாங் மாமா" என்றாள் லோகப்பிரியா. "போற வழியிலதான் உங்க தோட்டம் இருக்குதுங்க."