விடிந்தும் தூங்கியவள்

அரிமளத்தில் பிறந்த செல்வராணி தூக்கத்துக்குப் பேர்போனவள். படுத்தால் அடித்துப் போட்டது போலக் கிடப்பாள். வாசலில் கொட்டு அடித்துப் போனாலும் புரண்டு படுக்கமாட்டாள். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த கோபிநாத்துக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அதோடு போயிற்று அந்தத் தூக்கம். வெயில் பட்டால் மொட்டு விரிந்துவிடும், விரிந்த பூவைக் கமிஷன் கடையில் சீந்தமாட்டார்கள். அதனால் கோழி கூவும் முன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்கவேண்டும். பகலெல்லாம் அடுப்பு, மாடு, பிள்ளை. வருஷக்கணக்காக இதே பாடு.

கடைசியில் வேலை இல்லாத நாளிலும் தூக்கம் வரவில்லை. பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். சொன்ன புண்ணியவானுக்குப் படுத்ததும் தூக்கம் வந்திருக்கும். இவள் பாயில் உட்கார்ந்து வெறும் விரலால் மொட்டுக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு, செடிகள் தன்னைத் திட்டுவதாகச் சொன்னாள். கிணற்றுப் பக்கம் போய் நின்றாள். கோபிநாத் மறுநாளே அவளைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டினான்.

"மாத்திரை பாதி, தூக்கம் பாதிங்க. அவங்களா எந்திரிக்கிற வரைக்கும் எழுப்பாதீங்க. தூக்கம் கெட்டா மறுபடியும் இதே கதிதான்," என்றார் அந்த டாக்டரம்மா.

மனசுக்கு வைத்தியம் என்றால் ஊர் என்ன சொல்லும்? ரத்தக் குறைச்சலுக்கு மாத்திரை என்று பெற்ற தாய் சொர்ணவல்லியிடமே பொய் சொல்லிவைத்தான். கேடு பிடித்த பொய் அது.

செல்வராணி தூங்கினாள். சுள்ளென்று வெயில் காலில் ஏறும்வரை தூங்கினாள். செடிகள் வாயை மூடிக்கொண்டன. ஒருநாள் அவளாகவே, "மீன் கொழம்பு திங்கணும்போல இருக்குங்க," என்றாள். கோபிநாத் சந்தையில் மீமிசல் கடல்மீன் வாங்கிவந்து, தானே செதில் உரசிக் கழுவிக் கொடுத்தான். அவள் சோற்றைப் பிசைந்து தின்பதைப் பார்த்து அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் வெள்ளிக்கிழமை விடிந்தும் வாசல் தெளிக்காத வீட்டை ஊர் சும்மா விடுமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"விடிஞ்சப்பறம் பொம்பள தூங்குற வீட்டுல மூதேவிதான்டா குடியிருப்பா. ரத்தங் கொறஞ்சவ ஒலகத்துல இவ ஒருத்திதானா?" என்று சொர்ணவல்லி மருமகள் காதுபடவே புலம்பினாள்.

அப்போதாவது கோபிநாத் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வைகாசி வந்தது, வரிசையாக முகூர்த்தம். செடி கொள்ளாத மொட்டு, பறிக்க ஆளில்லை. இந்த மாசம் மட்டும் என்று மாத்திரையை அலமாரியின் மேல்தட்டில் ஒளித்துவைத்தவன் கோபிநாத்தேதான். அவள் கேட்டபோது, தீர்ந்துவிட்டது என்றான்.

இப்போது செல்வராணி எல்லாருக்கும் முந்தி எழுகிறாள். எழுவதென்ன, அவள் படுப்பதே இல்லை. அது கோபிநாத்துக்கு மட்டுமே தெரியும். செடிகள் மறுபடி பேசுகின்றன. பயந்துபோய் மாத்திரையை எடுத்துக் கொடுத்தால், மாட்டுத்தொட்டியில் துப்பிவிடுகிறாள். "தூங்குனா மூதேவிங்க. எனக்கு வேணாம்." டாக்டரிடம் போகலாம் என்றால் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறுகிறாள்.

நேற்றுக் காலை வாசலை அடைத்துக் கோலம் போட்டிருந்தாள். சொர்ணவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டுக்காரி சின்னப்பிள்ளையைக் கூப்பிட்டு, "எம் மருமக நல்லாயிட்டாடி. இந்தத் தெருவுல இவளுக்கு முன்னாடி எந்திரிக்க ஆளில்ல," என்றாள்.

செல்வராணி கோலமாவுக் கையோடு கணவன் பக்கம் திரும்பினாள். கண் குழி விழுந்து கிடந்தது. உதடு ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

"அத்தை சொல்றாங்க, ஊரே சொல்லுது. நீங்க மட்டும் ஏங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

தாயும் எதிர்வீட்டுக்காரியும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"நல்லாயிட்ட, ராணி," என்றான் கோபிநாத்.