வெளிமான் மண்டையை அளந்தவர்

எழுபதுகளில் ஒருநாள், அறுந்த செருப்பைக் கயிற்றால் கட்டியிருந்த ஒல்லியான கல்லூரி வாத்தியார் ஒருவர் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா சுட்ட வெளிமானின் மண்டையோடு சுவரில் தொங்கியது. அதை இறக்கச் சொல்லி, இடமும் வலமும் மும்மூன்று முறை அளந்தார்.

"இது பழசு, ரெண்டு பக்கமும் சரியா இருக்குதுபா. இப்ப இந்தப் பக்கத்து மான் மந்தை சிறுத்துப்போய் சொந்தத்துக்குள்ளயே சேர்ந்துக்கினு இருக்குது. புதுசா சாவற மானுங்க மண்டை கோணலா இருக்குது. இப்படியே போனா மந்தையே அழிஞ்சிடும்."

எனக்குக் கோபம் வந்தது. "நான்கூட அக்கா பொண்ணத்தான் கட்டிக்கினேன். என் மூஞ்சியையும் அள வாத்தியாரே!"

அவர் சிரிக்கவில்லை. "உனக்கு அசலூர்ல பொண்ணு பாக்க பஸ் இருக்குதுபா. அதுங்க எங்க போவும்? சுத்தி வயலாயிடுச்சே."

பக்கத்துக் கிராமமான கூரத்தில் இன்னொரு மண்டையோடு இருப்பதாகச் சொன்னேன். உச்சி வெயிலில் நடந்தே கிளம்பிவிட்டார்.

செத்த மானை அளந்து உயிரோடிருப்பதை எப்படிக் காப்பாற்றுவார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. ஆனால் அவரை எவனாவது பைத்தியம் என்றால் விடமாட்டேன்.