ஜாடியைக் கழுவியவள் நான்

இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டு நிறைவடையும் இந்நாளில், அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை முதலில் சித்தப்பாவின் மகனிடம்தான் கொடுத்திருந்தார்கள். நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்காவின் நற்குணங்களை எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் உண்டு. ஆனால் அவர் வாழ்க்கையில் நடந்த ஒன்றை என்னைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.

அக்கா பிறந்தது செவிலிமேட்டில். அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓலைக் கொட்டகை, இரண்டு அடுப்பு, இரண்டு செம்பு அண்டா, ஒரு கிணறு. அவ்வளவுதான் பட்டறை. அம்மா காலமானபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பத்து. ஐந்தாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. எனக்குச் சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, சோறு வடித்து வைத்துவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் அப்பாவோடு அண்டா அருகில் நிற்பார்.

பருத்தி நூலை எவ்வளவு கொதிக்கவிட்டாலும் தாங்கும். பட்டு தாங்காது. தளதளவென்று கொதிக்கவிட்டால் பளபளப்புப் போய் இழை பிசிறிவிடும். சூடு குறைந்தாலோ சாயம் மேலோடு நின்று முதல் நனைப்பிலேயே கரையும். நடுவில் இருக்கிற அந்தச் சரியான சூட்டை அளக்க எங்களிடம் கருவி எதுவும் இல்லை. அக்கா ஆவிக்கு மேலே புறங்கையைக் காட்டுவார். அண்டாவின் அடியிலிருந்து கிளம்பும் குமிழியைப் பார்ப்பார். "கட்டய இழுப்பா" என்பார். அப்பா உடனே விறகை வெளியே இழுப்பார். நூல் வாங்க வரும் நெசவாளர்களிடம், "பெரியவ நின்னா சாயம் திட்டு வுழாதுபா" என்று அப்பா சொல்லாத நாள் இல்லை. அக்கா அதைக் கேட்காதவர் போலக் குனிந்துகொள்வார். முகம் மட்டும் மலர்ந்திருக்கும்.

அரக்குச் சாயத்தூளைச் செம்பில் கரைத்தால் நிறம் மங்கும் என்று பெரிய பீங்கான் ஜாடியில் கரைப்போம். அந்த ஜாடியைக் கழுவுவது என் வேலை. ஒட்டிய சாயம் விட்டுப்போக வெந்நீர் ஊற்றி வைத்து, ஜாடி தானாக ஆறிய பிறகுதான் கிணற்றுத் தண்ணீரில் அலச வேண்டும்.

"செம்புன்னா எதுவும் ஆவாது. பீங்கான் அப்படி இல்ல சின்னவளே. சுட சுட இருக்கும்போது பச்சத் தண்ணி ஊத்தினியா, வெளிய தெரியாம உள்ளயே விரிசல் வுட்டுக்கும்" என்று அக்கா பல முறை சொல்லியிருக்கிறார்.

அறுபதுகளின் நடுவில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவருக்கு இருபத்தொரு வயது. நாள் குறித்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. ஒரு காலை வளையல்காரர் தெருவுக்கு வந்தார். எதிர்வீட்டுப் பெண்கள் என்னைக் கூப்பிட்டார்கள். ஜாடியில் வெந்நீர் ஊற்றிச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன்.

'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சிறிய சத்தம்தான். ஆனால் எனக்கு நன்றாகவே கேட்டது.

ஜாடியைச் சுற்றிப் பார்த்தேன். கோடு எதுவும் தெரியவில்லை. பல வருடச் சாயக்கறையில் என்ன தெரியும்? துடைத்து, வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு ஓடினேன். வளையல்காரர் என் கையில் மூன்று வளையல் ஏற்றியிருந்தபோது வீட்டிலிருந்து அலறல் கேட்டது.

கொதிநீரில் கரைத்த சாயத்தோடு அக்கா ஜாடியைத் தூக்கியபோது அதன் அடி அப்படியே கழன்று விழுந்திருக்கிறது. அக்காவின் இடது கையும் பாதங்களும் வெந்துபோயின. அடியில் கொடுத்துத் தாங்கிய கை அது. சாயம் எது, புண் எது என்று தெரியவில்லை.

மருத்துவமனையில் அப்பா கேட்டார். "ஜாடிக்குச் சூடு காட்டாமயே கொதிதண்ணிய ஊத்திட்டியாம்மா?"

"இல்லப்பா. மொதல்ல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, ஒரு சுத்து சுத்திட்டுத்தான் கொதிதண்ணி ஊத்தினேன்."

"அப்புறம் எப்டிம்மா வுடும்? கல்யாண நெனப்புல மறந்துட்டிருப்ப."

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் அப்பா கேட்டார், அக்கா அதையே சொன்னார். மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு, "மறந்துட்டேன் போல இருக்குதுப்பா" என்றார். அப்போதும் நான் சும்மா இருந்தேன்.

புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. இடது கை விரல்கள் மடங்கியவை மடங்கியபடியே நின்றுவிட்டன. பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் சிறியவளைக் கேட்டார்கள். அக்கா ஒற்றைக் கையால் எனக்குப் பூ வைத்து அனுப்பினார். அப்பா அண்டாவுக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டார். "இனிமே அடுப்பாண்ட உனக்கு வேணாம்மா" என்று சொல்லி, அக்காவை நூல் சிட்டங்களை எண்ணிக் கட்டுவதற்கு முன்கட்டில் உட்கார வைத்தார். அவர் பாசத்தில்தான் அப்படிச் செய்தார் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஏழு ஆண்டுகள் அப்படிப் போயின. இடையில் அப்பா காலமானார். இரண்டாவது பிரசவத்துக்கு நான் செவிலிமேடு வந்திருந்தபோது, ஒரு மதியம், அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உன் கல்யாணத்த நான்தான்கா கெடுத்தேன், உன் எடத்துல நான் வாழறேன்" என்று அழுதேன்.

அக்கா நூலைக் கீழே வைத்தார்.

"கல்யாணமா? அத நான் அன்னிக்கே வுட்டுட்டேன்டி. வெதுவெதுன்னு ஊத்தினேனா, ஊத்தலியா? ஏழு வருஷமா தெனம் நெனச்சுப் பாக்கறேன். ஊத்தின மாதிரிதான் இருக்குது. ஆனா அப்பா இல்லன்னாரு. அப்ப என் கையி, என் கண்ணு, எதையுமே நம்பக்கூடாதுன்னு உக்காந்துக்கினு இருக்கேன். அப்பா இருக்கும்போதாவது சொல்லியிருக்கக்கூடாதா?"

நான் தவறான ஒன்றுக்காக அத்தனை வருடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

அக்கா என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டினார், எனக்குப் பத்தியச் சமையல் செய்துபோட்டார். ஆனால் அந்த மாதம் முழுவதும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை என்னிடம் பேசவில்லை. நான் ஊர் திரும்பிய மறுவாரம், பட்டறை ஆளிடம், "நீ தூக்கறது எறக்கறது மட்டும் பாரு. சூடு நான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அண்டா அருகில் போய் நின்றாராம். கடைசி ஐந்து ஆண்டுகளும் பட்டறை அவர் பொறுப்பில்தான் நடந்தது. தாமலிலிருந்துகூட நெசவாளர்கள் அரக்கு நூலுக்கு அவரைத் தேடி வந்தார்கள். கோபமும் மெல்லத் தணிந்தது. நான் வரும்போதெல்லாம் ஒன்றை மட்டும் கேட்பார்.

"சித்தப்பா வூட்ல சொன்னியா?"

"சொல்றேன்கா."

நான் சொல்லவில்லை. என் மாமியார் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். சிறுநீரகக் கோளாறில் அக்கா படுத்த பிறகு அவர் அதைக் கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

சென்ற ஆண்டு அக்காவின் உடலருகே நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, சித்தப்பா கண்கலங்கி, "அந்த ஒருநாள் அவ கொஞ்சம் கவனமா இருந்திருந்தா..." என்றார். அங்கிருந்த எல்லோரும் ஆமாம் என்று தலையசைத்தார்கள். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்கு நான் செய்த தவறுகளில் எனக்கு மிகவும் கூசுவது அதுதான். பதினேழு வயதில் செய்ததற்கு வயதைக் காரணம் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வேன்?

என் கணவர் இதை அச்சுக்குப் போகும் முன் படித்தார். "அப்படியே போகட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அக்காவின் நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் உதவிய எதிர்வீட்டாருக்கும், சிகிச்சை அளித்த மருத்துவருக்கும், பட்டறையை நிற்கவிடாமல் நடத்திய பணியாளருக்கும், நூலை வேறிடம் கொண்டுபோகாமல் காத்திருந்த நெசவாளர்களுக்கும், இன்று வந்திருக்கும் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதைப் படித்தபின் என்மேல் கோபம் வருகிறவர்கள் தாராளமாகக் கோபித்துக்கொள்ளுங்கள். சித்தப்பா, நீங்கள் முதலில் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள், நேரில் வந்து சொல்கிறேன். அக்கா அன்று எந்தத் தவறும் செய்யவில்லை.

இப்படிக்கு,
தங்கை