சூடானால் மட்டும் பிடிக்கும் பிரேக்

மலை இறக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் நீங்கள் முதலில் கேட்பது என்ன? சக்கரம் ஏன் நின்றது என்றா, ஓட்டியது ஆணா பெண்ணா என்றா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

இங்கே ஓட்டியது பெண். பின்னால் உட்கார்ந்திருந்த கணவனுக்குக் கால் எலும்பு முறிந்தது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு காய்வதற்குள் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. வளைவைப் பார்த்துப் பயந்துபோய் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டாளாம். சொன்னவர்களில் ஒருவருக்கும் வண்டியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. திறக்கத் தெரிந்த ஒரே ஆள் அவளுடைய அண்ணன். அவரும் அங்கேதான் நின்றிருந்தார். அவரும் தலையை ஆட்டினார்.

அவருக்கு ‘அரைச்சுத்து’ என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. கிளட்ச் வழுக்குகிறதா, என்ஜின் தட்டுகிறதா, எதுவானாலும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “அரைச் சுத்து திருப்பினா போதும்” என்பார். முக்கால்வாசி நேரம் அதுவே போதும். பதினைந்து வயதில் லாரி பட்டறையில் கிரீஸ் துடைக்க ஆரம்பித்தவர், முப்பதில் தனியாக ஒரு தகரக் கொட்டகை போட்டார். புது வண்டிகளை உள்ளே விடமாட்டார். இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய, இருபக்கமும் பெட்டி மாட்டித் தொலைதூரம் போகும் கனத்த வண்டிகள்தான் அவருக்குப் பிழைப்பு. பழைய என்ஜினில் புது வால்வு, தேய்ந்த கிளட்சுக்குக் கெட்டியான ஸ்பிரிங், அந்தக் காலத்து டிரம் பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு டிஸ்க். வேகத்தைக் கூட்டித் தரச்சொல்லிக் கேட்பவர்களிடம், “முதல்ல நிக்கக் கத்துக்கட்டும், அப்புறம் ஓடலாம்” என்பார்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. தான் கைவைத்த ஒவ்வொரு திருகின் தலையிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பார். வேலை முடிந்ததும் நாற்பது நிமிஷம் தானே ஓட்டிவிட்டு வந்து, டிஸ்க் மேல் தண்ணீர் தெளிப்பார். சொய்யென்று ஆவி பறந்தால் பிரேக் விடாமல் உரசுகிறது என்று அர்த்தம்; வண்டி வெளியே போகாது.

விழுந்த அந்த வண்டியை மட்டும் அவர் ஓட்டிப் பார்க்கவும் இல்லை, தண்ணீர் தெளிக்கவும் இல்லை. அன்றைக்கு மழை. தங்கையும் மாப்பிள்ளையும் விடிந்தால் பயணம் கிளம்ப வேண்டும். நம்ம வீட்டு வண்டிதானே என்று விட்டுவிட்டார்.

விழுந்த நான்காம் நாள், மாப்பிள்ளையின் அக்கா வண்டிச் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு அரைச்சுத்திடம் சொன்னார்.

“ஞாயித்துக்கெழம ஒருத்தர் வாங்க வர்றாரு. தம்பி, நீங்க ஹேண்டிலை மட்டும் நிமித்திக் குடுத்துடுங்க. இனிமே இந்த வீட்ல யாரும் இவ பின்னாடி உக்கார வேணாம், இவளும் ஓட்ட வேணாம்.”

கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் நீட்டியிருந்த மாப்பிள்ளை விட்டத்தைப் பார்த்தான்.

தங்கை தண்ணீர் வாரியத்தில் குழாய் அழுத்தம் பார்க்கும் வேலையில் இருப்பவள். முள் எங்கே நிற்கிறதோ அதை எழுதுவாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள்.

“நான் லீவரைத் தொடவே இல்ல. கால் மணி நேரமா வண்டி இழுத்துச்சு. யாரோ பின்னாலேருந்து புடிச்சு இழுக்குற மாதிரி இருக்குன்னு இவர்கிட்ட சொன்னேன். கியரைக் குறைன்னாரு.”

“பயத்துல புடிச்சது உனக்கே தெரிஞ்சிருக்காதும்மா,” என்றார் அண்ணன்.

“நீயுமாண்ணே?” என்றாள்.

கொட்டகையில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி முன் சக்கரத்தைத் தட்டிவிட்டார். காற்றாடி மாதிரி சுற்றியது. பிரேக்கில் குறையே இல்லை. அப்படியே ஹேண்டிலை நிமிர்த்திக் கொடுத்திருப்பார். ஆனால் துடைக்கும்போது டிஸ்க்கின் நிறம் கண்ணில் பட்டது. விளிம்போரம் நீலம் பாய்ந்திருந்தது. பயந்து ஒரு நொடி பிடித்தால் இரும்பு நீலமாகாது. நெடுநேரம் உரசினால்தான் ஆகும். கழற்றிப் பார்த்தால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் இரண்டும் கண்ணாடி போலக் கருகி மின்னின. கால் மணி நேரம் என்று அவள் சொன்னது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

ஹேண்டிலை நிமிர்த்தினார், புது பேட் போட்டார். வேறு எதையும் தொடாமல், கொட்டகையில் கிடந்த மாற்றுச் சாவியைப் போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு புறவழிச்சாலைக்குப் போனார். போகிற வழியெல்லாம் வேண்டுமென்றே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஓட்டினார். முதல் இருபது நிமிஷம் வெண்ணெய் மாதிரி போயிற்று. அப்புறம் லேசாக ஒரு தயக்கம். முறுக்கினாலும் வேகம் ஏறவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரியே இருந்தது. ஓரங்கட்டி இறங்கித் தள்ளிப் பார்த்தார். முன் சக்கரம் அசையவில்லை. லீவரில் யார் கையும் இல்லை.

காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. லீவரின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. லீவருக்கும் அது தள்ளுகிற பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடுவதுதான் அதன் வேலை. அந்த இடைவெளி இருந்தால்தான், சூட்டில் விரியும் பிரேக் ஆயில் ஒரு சிறு துளை வழியாக மேலே டப்பாவுக்குத் திரும்பும். திருகை முழுக்க இறுக்கினால் துளை அடைபடும். ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. அதுவே பேட்டை நெருக்கும். நெருக்க நெருக்கச் சூடு, சூடு ஏற ஏற நெருக்கம். ஆறிவிட்டால் எல்லாம் பழையபடி. பத்துப் பேர் வந்து பார்த்தாலும் ஒரு குறையும் தெரியாது.

திருகின் தலையில் மஞ்சள் பொட்டு இருந்தது.

“தொட்டதும் கச்சுனு புடிக்கணும் மச்சான்” என்று மாப்பிள்ளை கேட்டது ஞாபகம் வந்தது. புது லீவர் மாட்டிய கையோடு அரைச் சுற்று கூடுதலாக இறுக்கியதும் ஞாபகம் வந்தது.

சாலையோரம் ஸ்குருடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போதே அரைச் சுற்று திருப்பிவிட்டால் விஷயம் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. முப்பது வருஷப் பெயர் அப்படியே நிற்கும். தங்கை பயந்தவளாகவே கடைசிவரை இருப்பாள். உலகத்தில் இப்படி நின்றுகொண்டிருக்கும் பெயர்கள் எத்தனையோ. டிஸ்க் ஆறிச் சக்கரம் தானாக விடுபட்டது. அவர் திருகைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வாங்குகிறவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், வண்டியை ஊர்சுற்றி ஓட்டிச் சூடேற்றி, அது இழுத்துக்கொண்டும் முனகிக்கொண்டும் வர, மாப்பிள்ளை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“அக்கா, கொஞ்சம் தள்ளுங்க.”

“என்ன தம்பி விளையாட்டு இது?”

“தள்ளுங்கன்னா.”

மாப்பிள்ளையின் அக்கா தள்ளினார். வண்டி லேசாக ஆடியது, முன் சக்கரம் உருளவில்லை. ஊன்றுகோலோடு வாசற்படிக்கு வந்த மாப்பிள்ளையும் ஒரு கை கொடுத்தான். ஊஹூம்.

“லீவரை யார் புடிச்சிருக்கா?” என்று கேட்டார் அண்ணன். ஸ்குருடிரைவரை வைத்து அரைச் சுற்று திருப்பினார். டக்கென்று ஒரு சத்தம். தள்ளிக்கொண்டிருந்த அக்கா வண்டியோடு சேர்ந்து இரண்டடி முன்னால் போனார்.

“அப்ப இவ புடிக்கலையா?” என்றான் மாப்பிள்ளை.

“அவ புடிக்கல. நான் புடிச்சேன். நீங்க கெளம்புறதுக்கு மொத நாளே புடிச்சுட்டேன்.”

தங்கை குனிந்து திருகைப் பார்த்தாள். “அழுத்தம் ஏறியிருக்கு, வெளிய போக வழியில்ல. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருப்பேனே.”

அக்காவுக்கு ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. “இருந்தாலும் ஒரு ஆம்பள ஓட்டியிருந்தா சமாளிச்சிருப்பான்.”

“முப்பது வருஷமா ஓட்டுறேன்க்கா. வளைவே இல்லாத ரோட்ல இப்ப வரும்போது ரெண்டு தடவை விழப் பார்த்தேன். இவ இறக்கத்துல ரெண்டு பேரையும் உயிரோட கொண்டுவந்திருக்கா.”

மாப்பிள்ளை தன் மாவுக்கட்டைப் பார்த்தபடி, “கச்சுனு புடிக்கணும்னு கேட்டது நான்தான்,” என்றான். அப்புறம், “அக்கா, சாவியைக் குடு. அந்த ஆளை வர வேணாம்னு சொல்லிடு.”

தங்கை சாவியை வாங்கிக்கொண்டாள். அண்ணனை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அடுத்த பயணத்துக்கு முன் வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ஓட்டிட்டு வா. தண்ணிய நான் தெளிக்கிறேன்” என்றாள். தெளித்தாள். ஆவி வரவில்லை.

அரைச்சுத்து அந்த வகை லீவர் மாட்டிக் கொடுத்த அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டார். தன் தவறு என்றே சொல்லிக் கூப்பிட்டார். பதினொரு வண்டிகளில் இரண்டில் அதே மஞ்சள் பொட்டு, அதே இறுக்கம். நான்கு பேர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருவர் போகும்போது, “உன் தங்கச்சி ஓட்டினதுனாலதான் விழுந்துச்சுன்னு நெனச்சேன்ப்பா” என்று சிரித்தார். அவரை மட்டும் அரைச்சுத்து தடுக்கவில்லை.

உங்கள் வீட்டில் முன் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி இருந்தால், இப்போதே எழுந்து போய் லீவரின் நுனியை ஒரு விரலால் தொடுங்கள். அழுத்தம் ஏறும் முன் அது இரண்டு மூன்று மில்லிமீட்டராவது சும்மா அசைய வேண்டும். அசையவில்லை என்றால், திருகத் தெரிந்தவரிடம் காட்டாமல் வண்டியை எடுக்காதீர்கள். அடுத்த முறை ஒரு பெண் ஓட்டிய வண்டி விழுந்தது என்று யாராவது தலையாட்டினால், நீங்கள் ஆட்டாதீர்கள். வண்டியைத் திறந்து பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.