மேடான் நேரம் ஆறரை

ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அப்பாசாமி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். தேநீர்க் கோப்பையானாலும் சரி, பாதி மடித்த வேட்டியானாலும் சரி. இடது மணிக்கட்டைத் திருப்பி ஒரு பார்வை. கைக்கடிகாரம் ஆறரையைத் தொடப்போகும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடல் இருக்கும் பக்கம் திரும்பி நிற்பார். உதடுகள் அசையத் தொடங்கும், சத்தம் இராது. பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே. பிறகு ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடிப்பார்.

“அண்ணே, உங்க கடியாரம் அரை மணி லேட்டு,” என்று சீண்டினான் எங்கள் வகுப்பு வாயாடி தியாகு.

“கடியாரம் சரியாத்தான் இருக்கு தம்பி. நான்தான் ஊர விட்டு வந்துட்டேன்.”

அது மேடான் நேரம், எங்கள் மலாக்காவுக்கு அரை மணி பின்னால். நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில் இருக்கிற மேடானில் அவருக்கு ஒன்பது பால்மாடுகள். அங்கே நம்மவர்கள் கட்டிய கோயிலில் பதிகம் பாடிவந்தவர் இறந்தபின், மாலைப் பூசையில் பாட ஆளில்லை. தீபம் மட்டும் காட்டுகிறார்கள். ஊர் கூடி இவரை அனுப்பியது. மாட்டைக் கூப்பிடும் அவர் குரல் மூன்று தெருவுக்குக் கேட்குமாம். வேறு தகுதி எதையும் யாரும் பார்க்கவில்லை. தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல், நாற்பத்துமூன்று வயதில், ஆறு மாத முத்திரை குத்திய கடவுச்சீட்டோடு, ஐம்பத்தேழாம் வருடம் ஜூலைக் கடைசியில் மலாக்கா வந்து சேர்ந்தார். ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் ஓதுவார் நல்லையா நடத்திய ஆறு மாதப் பதிக வகுப்பில் அவரோடு சேர்த்து நாங்கள் ஆறு பேர். யாப்பை உதறிய கவிதைகளைத் தேடிப் படிக்கிற நான், அம்மாவின் தொல்லை தாங்காமல் சேர்ந்திருந்தேன்.

அவர் தங்கியது காஜா பேராங்கில், சந்திரமதி அக்கா வீட்டில். அக்கா மலாக்காச் செட்டி. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட இந்தச் செட்டிகள் சாமியைத் தமிழ்ப் பெயர் சொல்லிக் கும்பிடுவார்கள், பேச்செல்லாம் மலாய். அப்பாசாமிக்கும் அவசரத்தில் முதலில் வாயில் வருவது மலாய்தான். வந்த அன்றே இருவரும் மிளகாய்ச் சம்பலுக்குப் புளி எவ்வளவு என்று அரை மணி நேரம் வாதாடினார்கள்.

எழுத்தை அவர் தெருவில் படித்தார். சினிமாச் சுவரொட்டி, நகைக்கடைப் பலகை, சோடா வண்டி, எது கண்ணில் பட்டாலும் நிறுத்தி வாசிப்பார். ஆகஸ்ட் முப்பத்தொன்று அன்று ஊரே புதுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் ஊர்வலத்தில் போன தமிழ்ப் பதாகையை விரலால் துரத்திக்கொண்டிருந்தார். “சு... த... ந்...”

“யோவ், நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள வெள்ளக்காரன் திரும்பி வந்துருவான்யா!” என்றார் பின்னால் நின்றவர்.

அப்பாசாமி திரும்பவில்லை. “பெலான் பெலான், வரும்.” மெதுமெதுவாக வரும் என்பது எல்லாவற்றுக்கும் அவருடைய பதில்.

ஓதுவாருக்கு ஒரு சட்டம் உண்டு. “நான் சொல்ற வரைக்கும் வகுப்புக்கு வெளியே ஒரு சாமி படத்துக்கு முன்னாலகூட வாய் விட்டுப் பாடப்படாது. பிழை நாக்குல தங்கிடும்.” நாங்கள் ஐந்து பேரும் குளிக்கும்போது மீறினோம். அவர் மீறவில்லை. அந்த ஏழு மணி மௌனத்துக்குக் காரணம் அதுதான்.

டிசம்பரில் ஐந்து பேருக்கும் பாட உத்தரவு கிடைத்தது. அவருக்கு இல்லை.

“குரல்ல மாடு இன்னும் இருக்கு அப்பாசாமி. இன்னும் ஆறு மாசம் இரும்.”

“மாடே கேட்டு வருது ஐயா, சாமி வராதா?” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடவுச்சீட்டின் கெடு ஜனவரி இருபத்தெட்டு. உத்தரவில்லாமல் ஊர் திரும்பினால் அவர் பாட மாட்டார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேடானில் தீபம் ஊமையாகவே எரியும்.

போகியன்று சந்திரமதி அக்கா வீட்டில் பார்ச்சு. செட்டிகள் இறந்தவர்களுக்கு இலை விரித்து, அவரவருக்குப் பிடித்ததைப் பரிமாறும் நாள் அது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போன வருடம் இறந்த கணவர் ராஜரத்தினத்தின் இலையருகே கறுப்புக் காப்பியை வைத்துவிட்டு, அக்கா அப்பாசாமியிடம், “சத்து லாகு சஜா,” என்றார். ஒரே ஒரு பாட்டு. இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, நீதானே படித்தவன் என்று மலாயில் கெஞ்சினார்.

ஐந்தரை மாதம் சோறு போட்ட கை. அப்பாசாமி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் இலைமுன் போய்க் கைகூப்பி நின்றார். உதடுகள் அசைந்தன. சத்தமில்லை.

என்னிடம் வகுப்புப் புத்தகம் இருந்தது. அதைப் பிரித்து அவர் உதட்டோடு வரி வரியாகப் போனேன். பதினொரு பாட்டு. வீட்டில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, இருமவில்லை. முடிந்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவருக்குக் காது மந்தம். ஆனால் இது கேட்டிருக்கும்.”

நானாகப் போய் யாரிடமும் பேசுகிறவனில்லை. மறுநாள் ஓதுவாரிடம் போனேன். சொன்னேன்.

“பதினொண்ணுமா?”

“ஆமாங்க ஐயா.”

“எங்கயும் நிக்கல?”

“புத்தகத்த வச்சுப் பார்த்தேன். ஒரு எழுத்து விடல.”

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லு தம்பி. குரலோட.”

பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு முடியும்வரை காத்திருந்து, ஏழு மணிக்கு அப்பாசாமி வாய் திறந்தார். மாடு இருக்கத்தான் செய்தது. தெருவில் போன இரண்டு சைக்கிள்கள் நின்றன. ஓதுவார் தாளம் தட்டாமல், கண்மூடிக் கேட்டார். “போயிட்டு வாரும்,” என்றார்.

பிப்ரவரியில் எனக்கொரு கடிதம் வந்தது. தமிழில், அவர் கைப்பட, கொட்டை கொட்டையான எழுத்தில். போன ஜூலையில் மலாக்காவுக்குக் கப்பல் ஏறும்போது அவர் ஊராரிடம், “தினம் ஆறரைக்கு அங்கே பாடுவேன்,” என்று மட்டும் சொல்லியிருந்தாராம். அந்த ஆறு மாதமும் மேடான் கோயிலில் ஆறரைக்குத் தீபம் காட்டியதும் யாரும் நகரவில்லையாம். பதினொரு பாட்டு முடிகிற நேரம்வரை சும்மா நின்றிருந்து, அதற்கப்புறம்தான் திருநீற்றுக்குக் கை நீட்டினார்களாம்.