ஊருணிக்கரைச் சாமிகள்

பந்தல்குடிக்கு மேற்கே, கருவேலமும் கரிசலும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஊர் அது. அதன் ஊராட்சிச் செயலர் சுகந்திக்குப் போன வருஷம் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. ஐப்பசி மழையில், ஊருணிக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் ஊரே கொட்டி வைத்திருந்த குப்பையும் கோழிக்கழிவும் முதல் வெள்ளத்தோடு உள்ளே போய்விட்டன. தண்ணீர் நாறியது. ‘குடிக்க வேண்டாம்’ என்ற பலகையை அவளே கரை வேப்பமரத்தில் கட்டினாள். வருஷம் முழுக்க ஊர் கேன் தண்ணீர் குடித்தது. குடித்த வாய் அவளைத் திட்டியது. கொட்டியவர்களும் சேர்ந்துதான் திட்டினார்கள், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

இந்த வருஷமும் ஊருணி கெட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. அபராதம் என்று போர்டு வைத்தாள். போர்டுக்கு அடியிலேயே குப்பை விழுந்தது. கேமரா மாட்டினாள், யாரோ அதன்மேல் சாக்கைக் கட்டிவிட்டுக் கொட்டினார்கள். கடைசியில், சுவரோரம் யாரும் ஒதுங்காமலிருக்க டவுனில் சாமி டைல்ஸ் பதிப்பார்களே, அது ஞாபகம் வந்தது. கால்வாய்க் கரையில் சின்னச் சுவர் எழுப்பி முருகனையும் அம்மனையும் பதித்தாள்.

குப்பை நின்றது உண்மை. ஆனால் உடைந்த சாமி படத்தைக் குப்பையில் போட நம் ஆட்களுக்கு மனசு வராது, வீட்டில் வைத்துக்கொள்ளவும் பயம். இப்போது தோதாக ஓர் இடம் கிடைத்துவிட்டது. கண்ணாடி விரிசல் விட்ட படங்கள், மூக்குடைந்த பிள்ளையார்கள், காய்ந்த மாலைகள், மாலை கொண்டுவந்த பிளாஸ்டிக் பைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. பழைய குப்பைமேல் சாமிகள் குடியேறிவிட்டார்கள்.

வானம் கருத்துக்கொண்டு வந்த நாளில் குப்பையை அள்ளச் சொன்னாள். தூய்மைக் காவலர்கள் மருதுபாண்டியும் முருகலட்சுமியும் வண்டியை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“குப்பைய எம்புட்டு வேணாலும் அள்ளுறோம்க்கா. சாமிய மம்பட்டியால வாரி குப்ப வண்டியில போடச் சொல்லாதீக. எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு,” என்றாள் முருகலட்சுமி.

சுகந்திக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது? சுவர் கட்டியது அவள்தானே. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே இறங்கிப் படங்களை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். நாலைந்து எடுத்திருப்பாள். ஒரு மகாலட்சுமி படத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. கல்யாணப் பரிசில் எழுதுவார்களே, அதேபோல் அடியில் சிவப்பு எழுத்து: ‘மணமக்கள் பாண்டீஸ்வரன் – சுகந்தி. அன்பளிப்பு: சுப்புராஜ் குடும்பத்தார்.’

புருஷனுக்குப் போன் போட்டாள்.

“வெள்ளையடிக்கையில கண்ணாடி ஒடஞ்சிருச்சு. ஒடஞ்ச படம் வீட்டுக்கு ஆகாது, எங்கயாச்சும் கொண்டு போயி வையிங்கன்னு நீதான சொன்ன?” என்றான் பாண்டீஸ்வரன். “சாமி இருக்குற எடமாப் பாத்துத்தான் வச்சேன்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மற்ற படங்களையும் பார்த்தாள். முக்கால்வாசியில் பேர் இருந்தது. வாசித்தால் ஊர் மானம் சந்தி சிரிக்கும்; ஆனால் முதல் பேர் அவளுடையது. நேரே அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரி இருளப்பசாமியிடம் மைக்கை வாங்கினாள்.

“ஊராட்சி ஆபீஸ் சுகந்தி பேசுறேன். எங்க வீட்டு மகாலட்சுமி ஊருணிக் கால்வாயில கெடக்கு. எங்க கல்யாணப் பேரு எழுதியிருக்கு. நான் எடுத்துட்டுப் போறேன். உங்க வீட்டுச் சாமியும் அங்கதான் இருக்கு, பேரோட இருக்கு. நான் யாரு பேரையும் வாசிக்க மாட்டேன். மழ வாரதுக்குள்ள வந்து எடுத்துக்கிடுங்க.”

மேலத்தெரு பேச்சிதான் முதலில் வந்தாள். “எம்மவன் கல்யாணப் படத்த எவன் இங்க கொண்டாந்து போட்டது?” என்று இல்லாத ஒருவனைத் திட்டிக்கொண்டே எடுத்தாள். அடுத்து வந்தவர்களும் அதே ஆளைத்தான் திட்டினார்கள். பேரில்லாத சாமிகளைப் பூசாரி வாங்கிக்கொண்டார். இனி உடைந்த படமென்றால் கோயில் பின்னறைக்கே கொண்டுவரலாம் என்றார். சாமிகள் நகர்ந்ததும் மருதுபாண்டி மம்பட்டியை எடுத்தான். படத்தை எடுக்க வந்தவர்கள் அப்படியே திரும்பக் கூச்சப்பட்டுக் கூடை பிடித்தார்கள். கடைசி லோடு ரோடு ஏறும்போது தூறல் விழுந்தது.

இரவெல்லாம் அடித்துப் பெய்தது. விடிந்ததும் ஊருணிக்கு ஓடிப்போய்க் கலங்கல் தண்ணீரை ஒரு கை அள்ளி முகர்ந்தாள் சுகந்தி. மண் வாசனை, வேறு ஒன்றுமில்லை. அப்பாடா என்று ஈரக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் தெளிந்து, பரிசோதித்து, குடிக்கலாம் என்று தகவல் வந்த அன்று பலகையை அவிழ்க்கப் போனாள். நனைந்து காய்ந்த கயிறு இறுகிப்போயிருந்தது. பேச்சி இடுப்பில் குடத்தோடு பின்னால் வந்து நின்றாள்.

“அவுத்துருவியா, நேரமாகுமா? ஒலை வைக்கணும்.”

சுகந்தி முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். பலகை கீழே விழுந்தது. பேச்சி அதைத் தாண்டிப் போய்க் குடத்தைத் தண்ணீரில் முக்கினாள்.